இருபது தடவை ‘இல்லை’

கண்டியைச் சுற்றி ஆஸ்பத்திரிகள் நிறைய இருக்கின்றன. நாம் பேசப்போகும் ஆஸ்பத்திரி அவற்றில் எதுவுமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீண் வம்பு எதற்கு. ஒரு பக்கம் ஹந்தானை மலை, மறு பக்கம் பஸ் தரிப்பிடம், நடுவில் பெரிய இரும்புக் கேட். சளிக்காய்ச்சல் சீசன் தொடங்கிய அன்று அந்தக் கேட்டில் ஒரு பலகை தொங்கவிட்டார்கள். ‘பாதுகாப்பான பார்வை’ என்பது திட்டத்தின் பெயர். உங்கள் அன்பு கிருமியாகாதிருக்கட்டும் என்று கீழே மூன்று மொழிகளில் எழுதச் சொன்னார்களாம். தமிழில் மட்டும், உங்கள் கிருமி அன்பாகாதிருக்கட்டும் என்று வந்துவிட்டது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அதற்குள் ஏதோ ஆழமான கருத்து இருக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

மோகனராஜ் அந்தக் கேட்டுக்கு முதலில் வந்தது டிசம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு. கட்டுகஸ்தோட்டையில் ஸாகி முதலாளியின் ஹார்ட்வெயார் கடையில் இருபது வருடமாக ஆணியும் கம்பியும் நிறுத்துக் கொடுக்கிறவர். பலசாலி. ஆனால் கவுன்டர் என்று ஒன்றைக் கண்டுவிட்டால் போதும், ஆள் பாதியாகிவிடுவார். அரசாங்க மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைக் கேட்டாலும் அவரை நோகடிக்காத பதிலைச் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையால் அதுவரைக்கும் பெரிய நட்டம் எதுவும் வந்ததில்லை.

அன்று த்ரீவீலரில் அவருடைய மனைவி சுதர்சினி சாய்ந்து கிடந்தாள். போன வாரம் தகரம் கிழித்த கால், முழங்கால் வரைக்கும் வீங்கிச் சிவந்திருந்தது. காய்ச்சலில் பேச்சு குழறியது. கேட்டில் இருந்த சிங்களக் காவலாளி ஒரு படிவத்தை எடுத்தான். நோயாளிக்கு ஒன்று, கூட வருகிறவருக்கு ஒன்று என்று முன்பு இரண்டு படிவம் இருந்ததாம். பாதுகாப்புக் குழு மூன்று மாதம் கூடிப் பேசி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. மொத்தம் இருபது கேள்விகள்.

“மாத்தயா, எல்லாம் ‘இல்ல’ சொல்லுங்க,” என்று காவலாளி, ஐயா என்பதற்குச் சிங்களச் சொல்லைப் போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் அன்பாகவே சொன்னான். “ஒரு ‘ஆமா’ வந்தா கேட் தொறக்க ஏலாது. சிஸ்டம் அப்படி.”

இருமல் உண்டா? இல்லை. தும்மல் உண்டா? இல்லை. தொண்டை நோவு? இல்லை. இருமுகிற ஆட்களோடு பழக்கம் உண்டா? இல்லை. கடந்த பதினான்கு நாட்களில் சனக்கூட்டமுள்ள இடத்துக்குப் போனதுண்டா? பின்னால் மூன்று வாகனங்கள் ஹோன் அடித்தன. இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற மனிதர் இப்படிச் சொன்னபோது காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேள்வி வந்தது, ‘இல்லை’ போனது. ஆறாவது கேள்விக்குப் பிறகு மோகனராஜ் கேள்வியைக் காதில் வாங்குவதை நிறுத்திவிட்டார். காவலாளி மூச்சு வாங்குகிற இடத்தில் ‘இல்லை’ என்றார். பதினேழாவதாக, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டான். அதற்கும் இல்லை.

கேட் திறந்தது. சுதர்சினியைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். அவளுடைய போனைக் கிருமி இருக்கும் என்று வாங்கி, பையில் போட்டுக் கட்டினார்கள். “பொம்பளைங்க சத்திர சிகிச்சை வார்டு, பதினாலாம் கட்டில். ரத்தம் பார்த்துட்டு ரெண்டு மணிக்கு ஊசி மருந்து ஆரம்பிப்பாங்க. நீங்க போய் மாத்து உடுப்பு, தட்டு, கோப்பை கொண்டாங்க,” என்று ஒரு சிற்றூழியர் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த மோகனராஜ் சோறு வடித்து, ரசம் வைத்து, பத்தரை மணிக்கு உடுப்பு எடுக்க அலுமாரியைத் திறந்தார். கூறைப் புடவைக்கு அடியில், பொலித்தீனில் சுற்றி, ஒரு இளஞ்சிவப்பு அட்டை இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன், பல் பிடுங்கிய அன்று சுதர்சினி ஒரு பென்சிலின் குளிசை விழுங்கினாள். கால் மணித்தியாலத்தில் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, உதடு நீலமாகி, பல் ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுந்துவிட்டாள். பிழைத்தது பெரிய விஷயம். அன்று ஒரு டொக்டர், பென்சிலின் கூடாது என்று இந்த அட்டையை எழுதிக் கையில் கொடுத்து, இதை உயிர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நம் ஆட்களிடம் ஒரு பொருளை உயிர் மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னால் என்ன செய்வார்கள்? அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், தாலிக்கொடியின் பற்றுச்சீட்டு, எல்லாம் அங்கேதான் இருந்தன.

பதினேழாவது கேள்வி இப்போதுதான் மோகனராஜின் காதில் விழுந்தது.

சுதர்சினிக்கு அழைத்தால், பையில் போட்டுக் கட்டிய அவளுடைய போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி இலக்கத்துக்கு அழைத்தால், கை கழுவச் சொல்லி ஒரு பாட்டு முழுவதும் பாடி முடித்துவிட்டு லைன் வெட்டுப்பட்டது. நான்கு தடவை பாட்டைக் கேட்டார். பிறகு சாப்பாட்டுப் பையையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்று நாற்பது.

“வார்டுக்கு ஒரு செய்தி மட்டும் சொல்லணும் மாத்தயா. ஒரே ஒரு செய்தி.”

காவலாளி கைப்புத்தகத்தைப் புரட்டினான். “செய்தி கொண்டு போற ஆளும் பார்வையாளர்தான். மண்டபத்துக்குப் போங்க.”

காத்திருப்பு மண்டபம் என்பது முன்பு கட்டில் விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த களஞ்சியம். பார்வையாளரின் மூச்சு வார்டுப் பக்கம் போய்விடக் கூடாதென்று ஜன்னல்களை எல்லாம் அடைத்து, இடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தார்கள். காற்றாடி கிருமியைப் பரப்பும் என்பதால் அதையும் நிறுத்தியிருந்தார்கள். தரையில் ஒரு மீற்றர் இடைவெளி விட்டு ஐம்பது வட்டங்கள். வந்திருந்தவர்கள் இருநூறு பேர். ஆகவே இடைவெளியை மீறாமல் ஒரு வட்டத்துக்குள் நான்கு பேர் நின்றார்கள்.

அங்கீகரிக்கப்பட்ட முகக்கவசங்கள் மொத்தம் அறுபது. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. மண்டபத்தை விட்டு வெளியே போகிறவர் கழற்றிக் கொடுக்க, அடுத்தவர் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். மோகனராஜுக்கு இருபத்திரண்டாம் இலக்கம் வந்தது. இன்னும் சூடு ஆறியிருக்கவில்லை.

அதன் பிறகு, தள்ளி நிற்பது எப்படி என்று நாற்பது நிமிடப் படம் ஒன்று. அதைப் பார்த்தவர் கையில் முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாவிட்டால் கவுன்டருக்குப் போக முடியாது. டிவி சின்னது, சத்தமும் குறைவு. தள்ளி நிற்பது எப்படி என்று கேட்பதற்காக இருநூறு பேரும் டிவியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ இருமினார். இன்னொருவர் அதற்குப் பதில் சொல்கிற மாதிரி இருமினார்.

“எங்கட வாப்பா உள்ளுக்கு ஈக்கிறார் தம்பி,” என்றார் மோகனராஜின் வட்டத்துக்குள், தகப்பனுக்குக் கொண்டுவந்த கஞ்சிப் போத்தலோடு நின்ற றம்லத் என்ற பெண். “மூணு நாளா வாறேன். முதல் நாள் வரக்குள்ள எனக்கு ஒரு தும்மல்கூட இல்ல. இப்ப பாருங்க, தொண்டை கரகரண்டு ஈக்கிது. ஆனா கேட்டா இல்லேண்டுதான் செல்றது. வேற என்ன செல்ல?”

“எனக்கு ரெண்டு மணிக்குள்ள உள்ள போகணும் அக்கா. தப்பா ஒரு பதில் சொல்லிட்டேன்.”

“தப்பான பதிலா? இங்க எல்லாரும் அதத்தானே செல்றோம்.”

“இது வேற அக்கா. அவ உசுரு.”

றம்லத் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, “இந்த மனிசனுக்கு வழி விடுங்க!” என்று கூட்டத்தைப் பிளந்தார். அந்த மண்டபத்தில் அன்று உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான். பன்னிரண்டு நாற்பதுக்கு மோகனராஜ் முத்திரையோடு கவுன்டருக்கு முன்னால் நின்றார்.

பொலித்தீன் திரைக்குப் பின்னால் இருந்த பெண் கலஹா பக்கத்துப் பிள்ளை. சஞ்சீவனி என்று பெயர் குத்தியிருந்தது. தன்னுடைய மலையகப் பேச்சையே அவள் வாயில் கேட்டதும் மோகனராஜுக்குப் பாதி உயிர் வந்தது.

“அண்ணே, கவலப்படாதீங்க. பதில மாத்தலாம். அதுக்கு ஒரு படிவம் இருக்கு,” என்றாள். “குழு வியாழக்கிழமை கூடும்.”

“அம்மா, ஊசி இன்னைக்கு ரெண்டு மணிக்கு.”

“அப்ப அவசரம்னு எழுதுறேன். அவசரம்னா அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் அனுப்பணும். ஆனா அது நோயாளிக்கு மட்டுந்தான். நீங்க நோயாளியாண்ணே?”

“நான் இல்லம்மா. வார்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. ஒரு நிமிசம்.”

“வார்டு போன்ல எல்லாரும் வாய வச்சுப் பேசுறதால அத நாலு சுத்து பொலித்தீன் போட்டுக் கட்டிட்டாங்க. மணி அடிக்கும், கேக்காது.” அவள் குரலில் வருத்தம் இருந்தது. “ஆதாரம் ஏதும் இருக்கா?”

மோகனராஜ் அட்டையைத் திரைக்கு அடியால் நீட்டினார். அவள் அதை இடுக்கியால் பிடித்து, பக்கத்திலிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு, மூடி, பூட்டிவிட்டாள். பெட்டியின் மேல், கடதாசிகள் ஓய்வெடுக்கும் இடம் என்று எழுதியிருந்தது.

“கடதாசியில கிருமி இருபத்துநாலு மணித்தியாலம் இருக்குமாம். நாளைக்குப் பன்னெண்டே முக்காலுக்கு நான் வாசிக்கலாம்.”

மோகனராஜ் கண்ணாடியில் கையை வைத்தார். அட்டை மேல்பக்கமாகத்தான் விழுந்திருந்தது. சிவப்பு மையில் எழுதிய பென்சிலின் என்ற எழுத்து நன்றாகத் தெரிந்தது. “இங்கருந்தே தெரியுதே அம்மா! வாசிச்சுப் பாருங்களேன்!”

“ஓய்வெடுக்குறப்ப வாசிக்கக் கூடாதுண்ணே,” என்றாள் அவள். ஆனால் அவள் கண் அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. “நீங்க தலைவர் டொக்டரப் பாருங்க. மூணாவது கதவு. நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க.”

மூன்றாவது கதவுக்குள், பாதுகாப்புக் குழுத் தலைவர் டொக்டர் கஜேந்திரன் ஒரு பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மேசையில் பதினொரு கேடயங்கள். மணி ஒன்று பத்து. மோகனராஜ் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். டொக்டர் குறுக்கிடாமல் கேட்டார். அதைப் பார்த்ததும் மோகனராஜுக்கு நம்பிக்கை வந்தது.

“இருங்கோ,” என்று கதிரையைக் காட்டினார் டொக்டர். “நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா என்ர பக்கத்தையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேணும். இந்த சீசனில ஏழாயிரத்து நானூறு படிவம் வந்திருக்கு. ஒவ்வொண்டிலயும் இருபது கேள்வி. ஒரு ‘ஆம்’ இல்லை. ஒண்டுகூட இல்லை! இந்தத் தீவில வேற எந்த ஆஸ்பத்திரியில இவ்வளவு சுகமான சனம் வந்து போகுது, சொல்லுங்கோ பாப்பம்.”

“ஐயா, அவளுக்கு அந்த மருந்து போட்டா...”

“பார்வையாளரால வார்டுக்குள்ள தொற்று வந்ததெண்டு ஒரு சம்பவம் இல்லை. ஏன் தெரியுமோ? போன மாதம் பார்வையாளர் ஒருத்தரும் வார்டுக்குள்ள போகேல்லை. மண்டபத்தில நேரம் முடிஞ்சிடும். அதுதான் திட்டத்தின்ர அழகு.” அவர் இருமினார். நீளமாக, குனிந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். “இது தூசி,” என்றார். “பார்வையாளருக்கு வந்தால் அறிகுறி. உத்தியோகத்தருக்கு வந்தால் தூசி. சுற்றறிக்கையிலயே இருக்கு. இப்ப நீங்கள் வந்து பதினேழுக்கு ‘ஆம்’ எண்டால் என்ர வரைபடம் என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்கோ.”

மோகனராஜ் யோசித்துப் பார்க்கவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் சுதர்சினியின் நீல உதடு நின்றது. இந்த மனிதரின் கழுத்தைப் பிடித்தால் என்ன என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மேசைக்கு முன்னால் அவருக்குத் தோன்றியது. பயத்தில் கைகளை இடுப்பில் கட்டிய சாறத்தின் மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு காரியாலய லிகிதர் ஓடி வந்தார். விழாவுக்கு அழைத்திருந்த பிரமுகரின் வாகனங்கள் பாலத்தைத் தாண்டிவிட்டனவாம். இன்று புதிய கட்டடத்தில் ‘பாதுகாப்பான பார்வை’யின் வெற்றி விழா. கமராவுக்கு முன்னால் ஒரு பார்வையாளர் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு ஒழுங்கு செய்திருந்த, ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் மைத்துனர், வாசலில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி தும்மிவிட்டார்.

டொக்டர் கஜேந்திரன் மோகனராஜை ஏற இறங்கப் பார்த்தார். “உங்கட படிவத்தில இருபதும் ‘இல்லை’தானே?”

“ஆமாங்க. ஆனா பதினேழு...”

“அதை மாத்தினால் நீங்கள் கேட்டுக்கு வெளியில. மாத்தாட்டி என்னோட உள்ளுக்கு வாறியள். விழா முடியட்டும், பிறகு பாப்பம். எது வேணும்?”

உள்ளே போக வேண்டுமென்றால், உள்ளே போவதற்கான காரணத்தை வாயில் எடுக்கக் கூடாது. மோகனராஜ் தனக்குப் பழக்கமான குரலில், “ஒண்ணும் மாத்தல ஐயா,” என்றார்.

புதிய கட்டடத்து நடைபாதைக்கு அவர்கள் வந்தபோது ஒன்று முப்பத்தைந்து. பெண்கள் சத்திர சிகிச்சை வார்டுக்கு அம்புக்குறி போட்ட பலகை எதிர்க்கோடியில் தெரிந்தது. நடுவில் பூச்சாடிகள், குத்துவிளக்கு, நான்கு காவலாளிகள். மோகனராஜ் அந்தப் பக்கம் இரண்டடி வைத்தார். ஒரு காவலாளி பணிவாக அவரைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினான்.

பிரமுகர் வந்தார். முன்னால் மேளக்காரர் எட்டுப் பேர், பின்னால் பரிவாரம் ஐம்பது பேர். அவர்களிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முகம் படத்தில் விழ வேண்டும் என்பதால் முகக்கவசமும் கிடையாது. ஐம்பது பேரும் ஒரே திரியைக் குனிந்து ஏற்றினார்கள். பாதிப்பேர் குனிந்த கையோடு இருமினார்கள். நோயாளிகளுக்கும் பயன்படட்டும் என்று ஒவ்வொரு வார்டிலும் ஒலிபெருக்கி கட்டி, விழாவை நேரடியாக அஞ்சல் செய்துகொண்டிருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த நோயாளிகள் எல்லோரும் எழும்பியிருப்பார்கள்.

“நான் மூன்று நாட்களாகக் கடும் காய்ச்சலில் படுத்திருந்தேன்,” என்று பிரமுகர் சிங்களத்தில் பேச்சைத் தொடங்கினார். கடைச் சிங்களத்தில் ஊறிய மோகனராஜுக்கு ஒரு சொல்லும் தவறவில்லை. “எழும்பக் கூடாது என்றார் வைத்தியர். கிருமிக்குப் பயந்து மக்களை விட்டு விலகி இருக்க என்னால் முடியாது என்றேன்! இன்று காலையிலிருந்து இது நான்காவது ஆஸ்பத்திரி!”

கைதட்டல் நடைபாதை முழுவதும் எதிரொலித்தது. டொக்டர் கஜேந்திரன்தான் முதலில் தட்டினார்.

மணி ஒன்று ஐம்பது. ஒரு வெள்ளைக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, நன்றாக எண்ணெய் வைத்துத் தலை வாரிய ஒரு மனிதர் படுத்திருந்தார். காரியாலயத்தில் தேநீர் ஊற்றுகிறவராம். உண்மையான நோயாளியைக் கொண்டுவந்தால் தொற்று வந்துவிடும் என்று இந்த ஏற்பாடு. மோகனராஜ் அவரை இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று கனிவாகப் பார்க்க வேண்டும். பார்த்தார். அவர் மோகனராஜைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கூட்டத்துக்கு மேலாக, எதிர்க்கோடியில் ஒரு தாதி மருந்துத் தட்டோடு வார்டுக்குள் போவது மோகனராஜுக்குத் தெரிந்தது. தட்டில் ஊசிகள் வரிசையாக இருந்தன.

பிரமுகர் மோகனராஜின் கையை இறுகப் பிடித்துக் குலுக்கினார். கை அடுப்பு மாதிரி சுட்டது. ஒலிவாங்கியை மோகனராஜின் வாய்க்கு நேரே நீட்டினார். கமராக்கள் திரும்பின.

“சொல்லுங்கள், இந்த ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?”

பதில் எல்லோருக்கும் தெரியும். டொக்டர் கஜேந்திரன் கைதட்டத் தயாராக உள்ளங்கைகளை எடுத்து வைத்திருந்தார். மோகனராஜின் நாக்கும் பழக்க தோஷத்தில் அந்த ‘இ’யன்னாவுக்குப் போய்விட்டது. அதை அங்கேயே கடித்தார்.

“இருக்கு,” என்றார். பிறகு ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஹந்தானை மலை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். “பதினாலாம் கட்டில்! சுதர்சினி! பொம்பளைங்க சத்திர சிகிச்சை வார்டு! அவளுக்குப் பென்சிலின் போடாதீங்க! போட்டா செத்துருவா! நான் பொய் சொல்லிட்டேன், காலையில பொய் சொல்லிட்டேன்! பதினாலாம் கட்டில், பென்சிலின் வேணாம்!” தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னார், சிங்களத்தில் சொன்னதை மறுபடி தமிழில் சொன்னார். இரண்டு காவலாளிகள் ஒலிவாங்கியை இழுத்தார்கள். இருபது வருடம் முறுக்குக் கம்பி தூக்கிய கையிலிருந்து அது வரவில்லை. கடைசியில் யாரோ மின்சாரத்தை நிறுத்தினார்கள்.

நடைபாதை அமைதியானது. பிரமுகர் சிரித்த முகத்தை மாற்றாமல் நின்றார். இது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கு நிச்சயமில்லை. எதிர்க்கோடியிலிருந்து யாரும் வரவில்லை. மோகனராஜ் எண்ணவில்லை, ஆனால் ஒரு நிமிடமாவது போயிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் அவர் தன்னுடைய நாக்கைச் சபித்தார், அலுமாரியைச் சபித்தார், கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டார்.

வார்டுக் கதவு திறந்து அந்தத் தாதி ஓடி வந்தாள். கையில் ஊசி இருந்தது, மருந்து நிறைந்தபடி.

“யாரு பதினாலு?” என்று உடைந்த தமிழில் கேட்டாள். “கையில ஊசி குத்தப் போனது. ஸ்பீக்கர் பேர் சொல்றது. நான் நிப்பாட்டினது. இது அதே மருந்து. ஃபோம்ல ‘இல்ல’ இருக்குதே?”

“நான்தான் மிஸ்... நான்தான் அப்படிச் சொன்னேன்...” மோகனராஜ் பூச்சாடிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை.

தாதி யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. அட்டை எங்கே என்று கேட்டாள். கவுன்டருக்குப் போய், சட்டைப் பையிலிருந்த கத்தரிக்கோலால் கண்ணாடிப் பெட்டியின் பூட்டை நெம்பினாள். சஞ்சீவனி அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டரை மணிக்கு சுதர்சினிக்கு வேறு மருந்து ஏறத் தொடங்கியது.

விழா தடைப்படவில்லை. மின்சாரம் திரும்பி வந்ததும், ஒலிபெருக்கி அஞ்சல் திட்டத்தால் இன்று நம் கண் முன்னால் ஒரு உயிர் காப்பாற்றப்பட்டது என்று பிரமுகர் அறிவித்தார். டொக்டர் கஜேந்திரனுக்குப் பன்னிரண்டாவது கேடயம் கிடைத்தது. மோகனராஜுக்கு ஒரு கடிதம் கிடைத்தது. கொடுத்த பதிலை மாற்றுகிறவர்கள் சந்தேகத்துக்குரியவர்கள் என்பதால் முதல் பதிலைக் கொடுத்த காலை எட்டு மணியிலிருந்து எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கு அவர் கேட்டுக்குள் வரக் கூடாது.

அந்த மூன்று நாளும் தாதியே தன் போனிலிருந்து பேசினாள். வீக்கம் இறங்குகிறது, காய்ச்சல் விட்டது என்றாள். வியாழக்கிழமை போனைச் சுதர்சினியிடம் கொடுத்தாள்.

“ஸ்பீக்கர்ல கத்துனது நீங்கதானா?” சுதர்சினியின் குரல் மெலிந்துபோயிருந்தது. “பக்கத்துக் கட்டில் அக்காகிட்ட, எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கு, ஆனா அவரு இப்படியெல்லாம் சத்தம் போடமாட்டாருன்னு சொன்னேன்.” “நாளைக்கு வந்துருவீங்கதானே? ஒங்க மொகத்தப் பாக்கணும் போல இருக்குங்க.”

“விடிஞ்சதும் வந்துருவேன்,” என்றார் மோகனராஜ். சொல்லும்போதே தொண்டைக்குள் ஏதோ அறுத்தது. அன்று இரவு காய்ச்சல் வந்தது. அது மண்டபத்தின் காற்றா, இருபத்திரண்டாம் இலக்க முகக்கவசமா, பிரமுகரின் கையா என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அவர் சாப்பாட்டுப் பையோடு கேட்டில் நின்றார். தலை கனத்தது. முன்னால் ஒரு பெரியவர் இருமி இருமி ‘இல்லை’ என்றார், கேட் திறந்தது. அவருக்குப் பின்னால் போன பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே ‘இல்லை’ என்றாள், கேட் திறந்தது. மோகனராஜின் முறை வந்தது. காவலாளிக்கு அவரை நன்றாக ஞாபகம் இருந்தது. எழும்பி நின்று சிரித்தான்.

“இருமல் உண்டா?”

ஒரு சொல்தான். சொன்னால் சுதர்சினியைப் பார்க்கலாம். இன்று மண்டபத்தில் காத்திருக்கவும் தேவையில்லை, நேரே வார்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று தாதி சொல்லியிருந்தாள். அவளைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு நெஞ்செல்லாம் வலித்தது. கிழிந்த காலோடு, சோர்ந்த உடம்போடு, அந்தக் கட்டிலில் அவள் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். பக்கத்தில் இன்னும் பதின்மூன்று பேர் படுத்திருப்பார்கள்.

“ஆமா மாத்தயா, இருக்கு,” என்றார். “காய்ச்சலும் இருக்கு.”

காவலாளியின் பேனா நின்றது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “‘இல்ல’ சொல்லுங்க. நான் கேக்கல்ல.”

“வேணாம். அவளுக்கு ஒட்டிக்கும். இந்தச் சாப்பாட்ட மட்டும் வார்டு மிஸ் கிட்ட குடுத்துருங்க. சுகமானதும் வாறேன்னு சொல்லச் சொல்லுங்க.”

காவலாளி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் ‘இல்லை’ என்பதற்கு மட்டும்தான் கட்டம் அச்சடித்திருந்தது. கடைசியில் ஓரத்தில் கையால் எழுதிக்கொண்டான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமிக்கொண்டே, நேரம் போகுது, சீக்கிரம் விலகு என்று சத்தம் போட்டார்கள். மோகனராஜ் வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். இரண்டு தடவை நின்று வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சீசன் முடிந்ததும் பாதுகாப்புக் குழுவின் அறிக்கை வெளியானது. வந்து போன ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரில் இருமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான் என்றும், கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த அந்த நபர் கேட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார் என்றும் அதில் இருந்தது.